சிங்கப்பூரில் மழையோடு ஒரு பார்பிக்யூ: புதிதாக வந்தவர்களுக்கு

சிங்கப்பூருக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து சில மாதம் ஆனதும் யாராவது ஒருவர் பேச்சை எடுப்பார்: "ஈஸ்ட் கோஸ்ட்ல ஒரு பார்பிக்யூ போடலாமா?" ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பூங்காவில் தாராளமாகப் போடலாம். ஆனால் இந்த ஊரில் ஆண்டுக்குச் சராசரியாக 170 நாளுக்குக் குறையாமல் மழை பெய்கிறது. இடி கேட்கும் நாள்களும் ஏறக்குறைய அதே அளவு. மழையே வராத ஒரு சனிக்கிழமையை ஒரு மாதம் முன்பே கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. இங்கே பெரும்பாலான மழை ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அதனால் மழை வருமா வராதா என்ற ஊகத்தில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நடுவில் ஒரு மணி நேரம் மழை கொட்டினாலும் சாப்பாடு கெடக்கூடாது, யாருக்கும் ஆபத்து வரக்கூடாது, மழை விட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடர முடிய வேண்டும். திட்டம் இந்த மூன்றையும் தாங்கினால் போதும். இடம், நேரம், சமைக்கும் பொருள், கரி வாங்கும் அளவு எல்லாமே இதிலிருந்துதான் முடிவாகும்.

மாதமும் நேரமும்

டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். இதன் முதல் பாதிதான் சிக்கல். டிசம்பர், ஜனவரியில் வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று வலுத்தால் மழை இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும். 2025 ஜனவரி 10, 11 ஆகிய இரண்டே நாளில் சாங்கியில் பெய்த மழை, அந்த மாதத்தின் வழக்கமான மொத்த மழையைத் தாண்டிவிட்டது. இப்படிப்பட்ட மழைக்கு எந்தத் திட்டமும் தாங்காது. தள்ளி வைப்பதுதான் வழி. பள்ளி விடுமுறை, ஆண்டிறுதி என்று எல்லோரும் டிசம்பரில் தேதி குறிக்கிறார்கள். முடிந்தால் நீங்கள் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை ஆண்டிலேயே வறண்ட நாள்கள். என்னைக் கேட்டால் முதல் பார்பிக்யூவுக்கு இதுதான் ஏற்ற காலம். கடற்கரையில் காற்று பலமாக இருக்கும், அதை மட்டும் கவனிக்க வேண்டும். காற்றில் கரி வேகமாக எரிந்து தீரும், சாம்பல் பறந்து தட்டில் விழும்.

மார்ச் பிற்பகுதியிலிருந்து மே வரையும், அக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்கு மேல் இடியோடு கூடிய பலத்த மழை வழக்கம். காலையிலிருந்து வெயில் சுட்டெரிக்கும், இரண்டு மணிக்கு மேல் மேகம் திரளும், மூன்று நான்கு மணிக்குக் கொட்டும். சில நாள் அது இருட்டும் வரைகூட இழுக்கும். இந்த மாதங்களில் நான்கு மணிக்கு வரச் சொல்லி ஆள்களை அழைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. ஆறரைக்குத் தொடங்குங்கள், அல்லது காலை பத்து மணிக்கு வைத்து ஒன்றரைக்குள் முடித்துவிடுங்கள். காலை பார்பிக்யூ பலருக்குத் தோன்றுவதே இல்லை. குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு அது மிகவும் வசதி.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வேறு கதை. விடியலுக்கு முன்போ காலையிலோ மேற்கிலிருந்து சுமத்ரா சூறைக்காற்று வரும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றாலும் இந்த மாதங்களில் அதிகம். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகக் காற்றும் ஓரிரு மணி நேர மழையும் சேர்ந்து வந்துவிட்டுப் போகும். இந்த மாதங்களில் மாலை வேளை பெரும்பாலும் கைகொடுக்கும். அண்டை நாட்டுக் காட்டுத்தீயின் புகைமூட்டம் வருவதும் இதே காலத்தில்தான். காற்றுத் தரக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியே நின்று கரிப் புகையையும் சேர்த்துச் சுவாசிக்க வேண்டாம், தேதியை மாற்றிவிடுங்கள்.

இடம் பிடிப்பது

பூங்காக்களில் உள்ள பார்பிக்யூ அடுப்புகளைத் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ், வெஸ்ட் கோஸ்ட், சாங்கி கடற்கரை, செம்பவாங் என்று பல இடங்களில் இருக்கின்றன. வார இறுதிக்கு இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். மழை பெய்தாலும் கட்டிய பணம் திரும்ப வராது என்று எண்ணிக்கொண்டே பதிவு செய்யுங்கள். கட்டணம் பெரிதில்லை, அதற்காக மழையில் பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை.

தீவின் கிழக்குப் பகுதியில் மேற்கையும் வடக்கையும்விட ஆண்டு மழை சற்றுக் குறைவு. மேற்கே ஜூரோங்கில் கொட்டும்போது கிழக்கே சாங்கியில் காய்ந்து கிடப்பதை நீங்களே பார்ப்பீர்கள். இரண்டு இடத்துக்கு நடுவில் தடுமாறினால் கிழக்கைத் தேர்ந்தெடுங்கள்.

அதைவிட முக்கியமானது, அடுப்பிலிருந்து ஓடி ஒதுங்கும் இடம் எவ்வளவு தூரம் என்பது. அடுப்புகள் பெரும்பாலும் திறந்த வெளியில்தான் இருக்கும். பதிவு செய்வதற்கு முன் ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். கூரையுள்ள கட்டடம் எங்கே, கழிப்பறை எங்கே, கார் நிறுத்துமிடம் எங்கே, மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் பள்ளமா என்று பார்த்துவிட்டு அடுப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா சுமார் 15 கிலோமீட்டர் நீளம். பிரிவு தெரியாமல் "ஈஸ்ட் கோஸ்ட் வந்துடுங்க" என்று சொன்னால் ஆள் ஒரு பக்கம், ஐஸ் பெட்டி ஒரு பக்கம் என்று ஆகிவிடும். 2024 ஜூனில் தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதை பேஷோர் வரை நீண்டதிலிருந்து எம்ஆர்டியில் வருவதும் எளிதாகிவிட்டது.

ஈஸ்ட் கோஸ்ட்டில் இன்னொரு வசதி, கடலோரத்திலேயே லகூன் உணவங்காடி இருக்கிறது. அதற்குப் பக்கத்து அடுப்பாகப் பிடித்தால், மழை எல்லாவற்றையும் கெடுத்தாலும் எல்லோரும் அங்கே போய்ச் சாத்தே (குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சி) சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கலாம். அன்று அங்காடி திறந்திருக்கிறதா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

வானிலையைப் பார்ப்பது எப்படி

கைப்பேசியோடு வரும் வானிலைச் செயலியை இங்கே நம்பாதீர்கள். அது ஆண்டு முழுவதும் மேகமும் மின்னலும் வரைந்து காட்டும். சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் இணையத்தளத்தைப் பாருங்கள், அல்லது தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டும் இலவசம்.

மூன்று நேரத்தில் பார்த்தால் போதும். இரண்டு மூன்று நாள் முன்பு, நான்கு நாள் முன்னோட்டம். அதில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: விடாத பருவமழையா, வழக்கமான மதிய மழையா? விடாத மழை என்றால் அப்போதே தள்ளி வைத்துவிடுங்கள், இறைச்சியை ஊற வைக்கும் முன்பே. அடுத்து, அன்று காலை 24 மணி நேர முன்னறிவிப்பு. அதில் எந்தப் பகுதிக்கு, எந்த வேளைக்கு மழை என்று பிரித்துச் சொல்வார்கள். கடைசியாக, கிளம்புவதற்கு முன் இரண்டு மணி நேர முன்னறிவிப்பும், மழை இப்போது எங்கே பெய்கிறது என்று காட்டும் ரேடார் படமும். அதற்கு அப்புறம் அடுப்பு அணையும் வரை ரேடார் படம்தான் உங்கள் துணை.

ரேடார் பார்ப்பதை இன்றே பழகிக்கொள்ளுங்கள், கடினமில்லை. நீலமும் பச்சையும் தூறல், மஞ்சள் நல்ல மழை, சிவப்பும் ஊதாவும் கொட்டும் மழை. ஒரே படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் கடைசி அரை மணி நேரப் படங்களை ஓட விட்டுப் பாருங்கள். மழைமேகக் கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது, பெருக்கிறதா கரைகிறதா என்று தெரிந்துவிடும். சுமத்ரா காற்று மேற்கிலிருந்து நீண்ட கோடாக வரும், தூரத்திலேயே பிடித்துவிடலாம். டிசம்பர், ஜனவரி மழையை வடக்கிலும் கிழக்கிலும் தேடுங்கள். மதிய இடிமழைதான் ஏமாற்றும். அது எங்கிருந்தும் வராது, நம் தலைக்கு மேலேயே அரை மணி நேரத்தில் உருவாகிவிடும். அப்போது வானத்தைப் பார்க்க வேண்டும். மேகத்தின் அடிப்பகுதி கறுத்து, புழுக்கமாக இருந்த காற்று திடீரென்று குளிர்ந்து வீசினால் மழைக்கு இன்னும் சில நிமிடம்தான் இருக்கிறது.

யார் முடிவு சொல்வது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் இருபது பேர் ஆளுக்கொரு மேகப் படம் போட்டு "வரலாமா வேண்டாமா" என்று கேட்டுக்கொண்டிருந்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஒருவர் மட்டும் சொல்லட்டும், ஒரு குறிப்பிட்ட மணிக்குச் சொல்லட்டும். "மதியம் மூன்று மணிக்குக் கடைசி முடிவு. மழை என்றால் எங்கள் வீட்டில், இல்லையென்றால் பூங்காவில்" என்று அழைப்பிலேயே எழுதிவிட்டால் யாருக்கும் குழப்பமில்லை. மாற்று இடத்தோடு அழைப்பதுதான் நாகரிகம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருந்து மாறி வருகிறவர்களை நடுவழியில் நிறுத்தக்கூடாது.

என்ன சமைப்பது, எந்த வரிசையில்

புதியவர்கள் எல்லாவற்றையும் கரியில் சுட வேண்டும் என்று நினைக்கிறார்கள். மொத்தச் சாப்பாட்டில் பாதி, நெருப்பே இல்லாமல் சாப்பிடக்கூடியதாக இருக்கட்டும். இங்கே பார்பிக்யூ என்றால் ஒரு பெரிய தட்டு நிறைய வறுத்த பீஹூன் (அரிசிச் சேமியா) இருப்பது வழக்கம், அதற்குக் காரணம் உண்டு. நம் வீடுகளில் புளியோதரை, எலுமிச்சை சாதம், சப்பாத்தி எதுவானாலும் சரி. மழையில் ஒதுங்கி நிற்கும்போது ஆளுக்கொரு தட்டு கையில் இருந்தால் மழை யாருக்கும் பெரிதாகத் தெரியாது.

சுடுவதற்கு, சீக்கிரம் வேகும் பொருளாகத் தேர்ந்தெடுங்கள். இறால் ஐந்தாறு நிமிடத்தில் ஆகிவிடும். சாத்தே மாதிரி குச்சியில் கோத்த சிறு துண்டுகள் பத்து நிமிடம். கோழி இறக்கை இருபது, இருபத்தைந்து நிமிடம். முழுக் கோழிக்காலும் பெரிய ஆட்டுத் துண்டும் முக்கால் மணி நேரம் வரை இழுக்கும், அதற்குள் வானம் மாறிவிடும். கால் கட்டாயம் வேண்டுமென்றால் எலும்பு நீக்கித் தட்டையாக வெட்டித் தரச் சொல்லுங்கள். லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தையில் கேட்டபடி வெட்டித் தருவார்கள். மசாலாவை முந்தின இரவே தடவிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். சர்க்கரை, தேன் சேர்ப்பதாக இருந்தால் கடைசி ஐந்து நிமிடத்தில் மேலே தடவினால் போதும், முன்பே சேர்த்தால் கருகும்.

வரிசையில்தான் மழைக்கான தந்திரம் இருக்கிறது. பச்சை இறைச்சி முதலில், சோளமும் சர்க்கரைவள்ளியும் கடைசியில். நடுவில் மழை வந்து எல்லாம் நின்றாலும் சோளத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்விடலாம். பச்சைக் கோழி அப்படியில்லை. கோழியையும் மொத்தமாகப் பரப்பாமல் எட்டுப் பத்துத் துண்டாகச் சுடுங்கள். திடீரென்று மழை பிடித்தால் அரைவேக்காட்டில் மாட்டுவது அந்த எட்டுத் துண்டு மட்டும்தான்.

அரைவேக்காட்டுக் கோழியை மழை விடும் வரை அப்படியே வைத்திருந்து மறுபடி சுடுவது கூடாது. உள்ளே இளஞ்சூட்டில் கிருமி பெருகும். மழை சில நிமிடத்தில் நிற்காது என்று தெரிந்தால் அந்தத் துண்டுகளைக் கொட்டிவிடுங்கள். இதே காரணத்துக்காக, வீட்டில் பாதி வேகவைத்து எடுத்துப் போகும் பழக்கமும் வேண்டாம். வீட்டில் வேகவைப்பதென்றால் முழுக்க வேகவைத்து, குளிரவைத்து, பூங்காவில் நன்றாகச் சூடாக்குங்கள். கோழியின் உள்சூடு 75 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கினால் பல ஆண்டுகளுக்கு உதவும். இருட்டில், கைப்பேசி வெளிச்சத்தில், மசாலா நிறத்தில் இருக்கும் கோழி வெந்ததா என்று கண்ணால் சொல்ல முடியாது.

ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் நடுவில் சமைத்த உணவோ பச்சை இறைச்சியோ இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. மழைக்காக ஒதுங்கி நின்ற நேரமும் இந்தக் கணக்கில் சேரும், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். அதனால் ஐஸ் பெட்டி இரண்டு கொண்டு போங்கள். ஒன்று இறைச்சிக்கு, இன்னொன்று பானங்களுக்கு. பானப் பெட்டியை நிமிடத்துக்கு ஒருமுறை திறப்பார்கள், இறைச்சி அதில் இருந்தால் குளிர் நிற்காது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இருந்தால் அவர்களுக்குத் தனிக் கம்பி வலையும் தனி இடுக்கியும் வையுங்கள். பனீர், காளான், குடைமிளகாய், கத்திரிக்காய் எல்லாம் அருமையாகச் சுடும். முஸ்லிம் நண்பர்கள் வருகிறார்கள் என்றால் இறைச்சி, சாஸ் எல்லாமே ஹலால் முத்திரை பார்த்து வாங்கி, புது வலை போட்டுவிடுங்கள். அவர்கள் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்.

கரியும் நெருப்பும்

வலை, இடுக்கி, கரி எல்லாம் நீங்கள்தான் கொண்டு போக வேண்டும். பேரங்காடிகளில் கிடைக்கும். இருபது பேருக்கு, மூன்று மணி நேரத்துக்கு ஐந்தாறு கிலோ கரி கணக்கு. மழைக்காக இன்னொரு மூட்டை பிரிக்காமல் இருக்கட்டும். கரி ஈரத்தை இழுக்கும், தாள் பையில் வைத்துத் தரையில் போட்டால் தூறலுக்கே நனைந்துவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் வையுங்கள். லைட்டர் இரண்டும் தீமூட்டும் கட்டிகளும் ஜிப் பையில், அந்தத் தொட்டிக்குள்ளேயே.

அடுப்பின் அடியில் அலுமினியத் தாளை இரண்டு அடுக்காக விரியுங்கள். முந்தின நாள் மழையில் ஈரமான கல்லும் பழைய சாம்பலும் கரியைத் தொடாது. தீமூட்டும் கட்டிகள் நான்கைந்தை நடுவில் வைத்து மேலே கரியைக் குவித்துப் பற்ற வையுங்கள். புகைபோக்கி வடிவத் தீமூட்டி உருளை இருந்தால் ஈரக் காற்றிலும் இருபது நிமிடத்தில் தணல் தயார். கரி மேலே சாம்பல் பூத்த பிறகே இறைச்சியை வையுங்கள். பற்றவில்லை என்று பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றாதீர்கள். அந்த அவசரத்தில் தீக்காயம் பட்டவர்கள் உண்டு.

நெருப்புப் பாதியில் இருக்கும்போது தூறல் வந்தால், வலையை எடுத்துவிட்டு, தடித்த அலுமினியத் தட்டு ஒன்றைத் தணல் மேல் கவிழ்த்து மூடுங்கள், ஓரத்தில் கொஞ்சம் காற்று போக இடம் விட்டு. பத்து இருபது நிமிடத் தூறலைத் தணல் தாங்கிவிடும். குடையை அடுப்பு மேல் பிடிக்க வேண்டாம், துணி உருகிச் சொட்டும்.

மழை எவ்வளவு வலுத்தாலும் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள்ளோ, வீட்டுக்குள்ளோ, வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்திலோ கொண்டு வராதீர்கள். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. மூடிய இடத்தில் ஆளைக் கொன்றுவிடும்.

இடி கேட்டால்

மழையில் நனைந்தால் காய்ந்துவிடலாம், மின்னலோடு விளையாட முடியாது. உலகிலேயே மின்னல் அதிகம் விழும் பகுதிகளில் சிங்கப்பூரும் சேரும். இடிச் சத்தம் காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள் என்று பொருள். அந்த நிமிடமே நெருப்பை மூடிவிட்டு எல்லோரும் கிளம்ப வேண்டும், "இந்த ஒரு சுற்று முடியட்டும்" என்று நிற்கக்கூடாது.

போக வேண்டிய இடம் நாலு பக்கமும் சுவருள்ள கட்டடம், இல்லையென்றால் கண்ணாடி ஏற்றிய கார். தென்னை மரத்தடி, கடற்கரை மணல், கூடாரம் எதுவும் பாதுகாப்பில்லை. கடலில் கால் நனைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளை முதலில் கூப்பிடுங்கள். குழந்தைகளை ஒதுங்கும் இடத்துக்கு அழைத்துப் போகும் பொறுப்பை வந்தவுடனேயே ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆன பிறகே திரும்ப வாருங்கள். வானிலை ஆய்வகத் தளத்தில் மின்னல் விழுந்த இடங்களைக் காட்டும் வரைபடமும் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

மழை விட்ட பிறகு

மணியைப் பாருங்கள். எட்டு மணிக்குள் மழை விட்டால் தொடரலாம், அதற்கு மேல் என்றால் இருக்கும் சாப்பாட்டோடு முடித்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. இங்கே ஆண்டு முழுவதும் ஏழு மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடும், ஈர மண்ணில் இருட்டில் புதிதாக நெருப்பு மூட்டுவது எல்லோருக்கும் அலுப்பு. தொடர்வதென்றால் நனைந்த கரியைக் கிளறாமல் ஓரமாக ஒதுக்கி, புதிதாக அலுமினியத் தாள் விரித்து, பிரிக்காத மூட்டையிலிருந்து கரி போடுங்கள். நனைந்த கரி சூடாகும்போது வெடித்துத் தெறிக்கும். மழைக்குப் பின் கொசு அதிகம், கொசு மருந்து பூசிக்கொள்ளுங்கள். மது அருந்துகிறவர்கள் கவனிக்க: பொது இடத்தில் இரவு பத்தரைக்கு மேல் அனுமதியில்லை.

முடிந்ததும் தணல் மேல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, தள்ளி நின்று ஊற்றுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் நீராவியும் சாம்பலும் முகத்தில் அடிக்கும். மழை அணைத்துவிட்டது என்று நம்பிப் போகாதீர்கள், அடியில் உள்ள கரி மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். கிளறி, மறுபடி ஊற்றி, கையைச் சற்று மேலே நீட்டிச் சூடு இல்லை என்று பார்த்த பிறகே கிளம்புங்கள். சாம்பலை மணலில் புதைக்கக்கூடாது. மறுநாள் காலை வெறுங்காலில் ஓடிவரும் பிள்ளைகள் அதில்தான் கால் வைப்பார்கள். எண்ணெய்த் தாள்களையும் எலும்புகளையும் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, மிஞ்சிய உலர்ந்த கரியை அதே மூடித் தொட்டியில் வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.